விபிஎன் கனெக்ட் ஆகிறது, ஷேர் மட்டும் திறக்கவில்லை

ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக, விண்டோஸிலேயே இருக்கும் விபிஎன்தான். வீட்டிலிருந்து உடனே கனெக்ட் ஆகும், பிங் போகும். ஆனால் ஃபைல் சர்வர் ஷேரை, அதாவது அங்கே பகிர்ந்திருக்கும் ஃபோல்டரை, திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும், இல்லையென்றால் 'ஆக்சஸ் டினைடு'. ஆபீஸுக்குள் அதே லேப்டாப்பில் ஒரு தொல்லையும் இல்லை.

டிஎன்எஸ் பார்த்தேன், ஃபயர்வாலை அணைத்தேன், மேப் செய்த டிரைவை அழித்துத் திரும்பப் போட்டேன். லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸுக்கு நேர வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டக் கூடாதே என்று கடிகாரத்தையும் விடவில்லை. நாள்கள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் விபிஎன் ஓடும்போது கமாண்ட் பிராம்ப்டில் விண்டோஸ் வைத்திருக்கும் லாகின் விவரங்களைக் காட்டும் 'சிஎம்டிகீ /லிஸ்ட்' (cmdkey /list) அடித்தேன். '*செஷன்' என்று ஒரு பதிவு. விபிஎன்னைத் துண்டித்தால் அது காணாமல் போகிறது! எங்களுக்கு விபிஎன்னுக்குத் தனி அக்கவுண்ட். விண்டோஸ் அதையே ஃபைல் சர்வரிடமும் நீட்டிக்கொண்டிருந்தது.

ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், நெட்வொர்க், கனெக்‌ஷன்ஸ், பிபிகே என்று உள்ளே போனால் விபிஎன் செட்டிங்குகள் உள்ள ராஸ்ஃபோன்.பிபிகே (rasphone.pbk) ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து, நம் கனெக்‌ஷன் பெயருக்குக் கீழே 'யூஸ்ராஸ்கிரெடென்ஷியல்ஸ்=1' (UseRasCredentials, விபிஎன் லாகினையே மற்றதற்கும் நீட்டச் சொல்லும் வரி) என்பதை 0 ஆக்கினேன். மறுபடி இணைத்ததும் ஷேர் எதுவும் கேட்காமல் திறந்தது. அப்பாடா! ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் இந்த வரி தனித்தனி. விபிஎன்னை அழித்துப் புதிதாகப் போட்டால் திரும்ப 1 தான்.