இன்சுலின் படிகத்துக்குள் துத்தநாகத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

உடன்குடிப் பக்கம் பனங்கற்கண்டு காய்ச்சுபவர்களுக்குப் படிகம் வளர்ப்பதைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாகைப் பதம் பார்த்து இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்துவிடுவார்கள். புரதப் படிகத்துக்கும் அதே பொறுமைதான் வேண்டும். ஆனால் சர்க்கரை மூலக்கூறு சின்னது, இறுக்கமானது. புரதமோ பெரியது, நெளிந்துகொண்டே இருப்பது. வரிசையாக அடுக்கினால் லேசில் நிற்காது. சில புரதங்களில் ஓர் உலோக அயனி நடுவே நின்று பிடித்துக்கொண்டால்தான் அடுக்கு கலையாமல் இருக்கும்.

இன்சுலின் அப்படிப்பட்டது. 1926இல் ஏபெல் அதைப் படிகமாக்கிக் காட்டினார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது ஒரு சமயம் வந்தது, ஒரு சமயம் வரவில்லை. துத்தநாகம் போன்ற உலோகம் இருந்தால்தான் படிகம் ஒழுங்காக வருகிறது என்று 1934இல் ஸ்காட் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை எக்ஸ் கதிரில் படம் எடுத்தார். அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்ல அவருக்கு 1969 வரை ஆயிற்று.

அவர் 34 ஆண்டு காத்திருந்து பார்த்ததை நாம் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இணைய வசதியுள்ள ஒரு கணினி போதும். கைப்பேசியிலும் திறக்கும், ஆனால் அணுவைத் தொடப் போய்ப் பக்கத்து அணுவைத் தொட்டு எரிச்சல்தான் மிஞ்சும்.

முதலில், புரதங்களின் அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் புரதத் தரவு வங்கியின் (PDB) தளத்துக்குப் போய், தேடல் பெட்டியில் 4ஐஎன்எஸ் என்ற குறியீட்டை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். பன்றி இன்சுலினின் அமைப்பு வரும். அதன் துல்லியம் 1.5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு; எண் குறையக் குறையப் படம் தெளிவு), தொடங்குகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டாம். முப்பரிமாணக் காட்சியைத் திறந்தால் சுருள்களும் நாடாக்களும் தெரியும். அவற்றுக்கு நடுவே தனிக் கோலிக்குண்டுபோல் இருப்பதுதான் துத்தநாகம்.

அதன்மேல் சொடுக்குங்கள். சுற்றியுள்ள அமினோ அமிலங்கள், அதாவது புரதச் சங்கிலியின் கண்ணிகள், குச்சிகளாக விரியும், உலோகத்திலிருந்து புள்ளிக்கோடுகள் கிளம்பும். இந்த இடத்தில்தான் நான் முதன்முதலாக ஏமாந்தேன். பாளையங்கோட்டையில் படித்த நாளில், துத்தநாகத்தை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்றே ஒன்று பிடித்திருப்பதாக நோட்டில் எழுதிக்கொண்டுபோய் ஆசிரியரிடம் நீட்டினேன். "ஒற்றைக் கையால் பிடித்தால் நிற்குமா தம்பி? மற்ற இரண்டு கைகளையும் எங்கே விட்டாய்?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். கோப்பில் எழுதி வைத்திருப்பது முழு அமைப்பை அல்ல, திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதியை மட்டுமே. கோலத்தில் ஓர் இதழை வரைந்துகாட்டி மற்றவற்றை நம் கைக்கு விடுவதுபோல. இரண்டு இன்சுலின் மூலக்கூறுகள்தான் கோப்பில் இருக்கின்றன. அந்தப் பகுதி எந்த அச்சைச் சுற்றி மூன்று முறை திரும்ப வருகிறதோ, அந்தச் சுழற்சி அச்சின்மேலேயே துத்தநாகம் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே காட்சிப் பட்டியலில் சமச்சீரற்ற அலகை (கோப்பில் உள்ள அந்த ஒரு பகுதியை) விட்டுவிட்டு, ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் சேர்ந்த தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஒவ்வொரு துத்தநாகத்தையும் மூன்று ஹிஸ்டிடின்கள் சூழ்ந்திருக்கும். இன்சுலினுக்கு ஏ, பி என்று இரண்டு சங்கிலிகள். மூன்றுமே பி சங்கிலியின் 10ஆம் இடத்து ஹிஸ்டிடின்கள், மூன்று வெவ்வேறு மூலக்கூறுகளிலிருந்து வருபவை. மீதி மூன்று பக்கம் நீர். ஆக அணைவு எண், அதாவது உலோகத்தைப் பிடித்திருக்கும் கைகளின் எண்ணிக்கை, ஆறு.

அடுத்து அளவெடுங்கள். அளவீட்டுக் கருவியைத் தேர்ந்து துத்தநாகத்தையும் ஹிஸ்டிடினின் நைட்ரஜனையும் சொடுக்கினால் இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். எக்ஸ் கதிருக்குத் தெரிவது எலக்ட்ரான்கள் மட்டுமே. நீர், சோடியம் அயனி, மக்னீசியம் அயனி மூன்றுக்கும் எலக்ட்ரான் பத்துதான். படத்தில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். அவற்றைப் பிரித்துச் சொல்வது பக்கத்து ஆக்சிஜனுக்குள்ள தூரம்: மக்னீசியம் என்றால் சுமார் 2.1 ஆங்ஸ்ட்ராம், சோடியம் 2.4, நீர் 2.8. கால்சியத்துக்கும் 2.4தான், ஆனால் எலக்ட்ரான் அதிகம், அது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு ஆக்சிஜன்களைச் சேர்த்துக்கொள்ளும். கோப்பில் பெயர் எழுதியிருக்கிறதே என்று நம்பிவிடாமல் அளந்து பார்ப்பது என் வழக்கம்.

உலோகம் படிகத்தின் அமைப்பை மாற்றவும் செய்கிறது. உப்பு மிகுந்த கரைசலில் இதே இன்சுலினை வளர்த்தால், ஆறில் மூன்று மூலக்கூறுகளில் பி சங்கிலியின் முதல் எட்டு அமினோ அமிலங்கள் சுருளாக மடங்கிவிடும். அந்தப் பக்கத்துத் துத்தநாகம் நீரை விட்டுக் குளோரைடைப் பிடித்து, நான்கு பிணைப்புகளோடு நின்றுகொள்ளும்.

இன்னொரு வகையும் உண்டு. 1937இல் குதிரை மண்ணீரலிலிருந்து எடுத்த, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினைக் காட்மியம் சல்பேட் சேர்த்துப் படிகமாக்கினார்கள். அந்தப் புரதத்தின் வேலைக்குக் காட்மியம் தேவையே இல்லை. பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை ஒட்டும் பசையாகத்தான் அது வந்தது. எனவே எந்தப் படிகத்தில் உலோகத்தைப் பார்த்தாலும், உடலில் இருந்தபோதே இருந்ததா, ஆய்வகத்துச் சீசாவிலிருந்து வந்ததா என்று பாருங்கள். படிகம் வளர்த்த கரைசலின் விவரம் அதே பக்கத்தில், பரிசோதனைப் பகுதியில் இருக்கும்.

கை பழகியதும் 3எல்ஏ4 என்ற குறியீட்டைத் திறங்கள். நம் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தமான ஓர் அவரையின் யூரியேஸ், அதாவது யூரியாவை உடைக்கும் நொதி, அது. 1926இல் சம்னர் படிகமாக்கிய புரதம். அதற்குள் நிக்கல் இருப்பது 1975இல் தெரிந்தது. அமைப்பை 2010இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தினர். அங்கே இரண்டு நிக்கல்கள் அடுத்தடுத்து இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது லைசின் என்ற ஓர் அமினோ அமிலம். ஆனால் அந்த லைசினைச் சொடுக்கினால் பெயர் வேறாகக் காட்டும், நுனியில் கூடுதலாக ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜன்களும் இருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதி வையுங்கள். சோடா பாட்டிலைத் திறக்கும்போது புஸ்ஸென்று வெளியேறும் வாயுதான் விடை.