கோடைக்கு ஐந்து உற்சாக ஆல்பங்கள்: முழுதாகக் கேட்கத் தொடங்குவது எப்படி?

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது குமரி மாவட்டத்தில் வெயிலைக் காட்டிலும் புழுக்கம்தான் முதலில் தெரியும். சாலையோரத்தில் அக்கானிப் (பதநீர்) பானையும் நொங்குக் குலையும் வந்து இறங்கினால் பிள்ளைகளுக்கு விடுமுறை நெருங்கிவிட்டது என்று பொருள். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும்வரை வீடுகளில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால், அது பெரும்பாலும் கைப்பேசிச் செயலி தானாகவே அடுக்கித் தரும் ஒற்றைப் பாடல்களின் வரிசையாகத்தான் இருக்கிறது. ஓர் ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை கேட்டுப் பழகாதவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: இடத்தை ஒழுங்கு செய்யுங்கள்

கோடையில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நிறுத்தவும் வேண்டாம். விசிறியின் இரைச்சல் மெல்லிய ஒலிகளைத்தான் முதலில் விழுங்கும் என்பதால், ஒலிபெருக்கியைத் தரையில் வைக்காமல், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் ஒரு மேசைமேல் வையுங்கள். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் அடிநாதம் (தாழ்ந்த சுருதி ஒலி) பெருத்துப் பாடகரின் குரலை மூடிவிடும். சுவரிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி வைத்தால் சொற்கள் தெளிவாகக் கேட்கும். எங்கள் ஓட்டு வீட்டில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்த பிறகுதான், பல ஆண்டுகளாகக் கேட்ட பாடல்களில் கூட்டுக்குரல்கள் இருப்பதையே கவனித்தேன்.

படி 2: தாளத்தை எண்ணிப் பாருங்கள்

பாடல் ஓடும்போது காலால் தாளமிட்டு 15 வினாடிகளுக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். நாம் சற்று விரைந்து நடக்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முதல் 120 அடி வைக்கிறோம். அந்த அளவை ஒட்டிய பாடலைக் கேட்டால் கால் தானாக அசையத் தொடங்கும். ஆயினும் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். மெதுவாக நடக்கும் பாடலும் மனத்தை எழுப்பும் என்பதை நான்காம் படியில் நீங்களே காண்பீர்கள்.

படி 3: பழையதிலிருந்து தொடங்குங்கள்

‘காதலிக்க நேரமில்லை’ (1964) விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையும் கண்ணதாசன் வரிகளும் சேர்ந்த தொகுப்பு. ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ பாடலில் வேலை கேட்கும் கோரிக்கையே கொண்டாட்டமாக மாறுவதைக் கேளுங்கள். காலைக் காப்பியோடு கேட்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நம் மண்ணுக்கு நெருக்கமானது. பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் படமாக்கப்பட்டது. அங்கே பாறைமேல் ஒருமுறையேனும் உட்கார்ந்தவர்களுக்கு இளையராஜாவின் இந்த ஆல்பம் கூடுதலாக ஏதோ சொல்லும். ‘வாடி என் கப்பக்கெழங்கே’ என்று இளைஞர்கள் கேலியாகப் பாடும்போது, கப்பக்கிழங்கு என்னும் மரச்சீனியை (மரவள்ளியை) தின்று வளர்ந்த நமக்குச் சிரிப்பு வராமல் இருக்காது. படத்தில் இடம்பெறாமல் ஒலித்தட்டில் மட்டும் வந்த எஸ். ஜானகியின் ‘புத்தம் புதுக் காலை’யைத் தவற விடாதீர்கள், ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்பவருக்குக் கிடைக்கும் பரிசு அது.

படி 4: உச்சி வெயிலுக்கு ஒன்று

மே மாதக் கத்திரி வெயிலின் பெயரையே தாங்கிய ‘அக்னி நட்சத்திரம்’ (1988) இந்தப் பட்டியலின் நடுநாயகம். வாலி எழுதிய ஆறு பாடல்கள்தான். ஆகவே ஒரே அமர்வில் கேட்டுவிடலாம். முதல் முறை எதையும் ஆராயாமல் கேளுங்கள். இரண்டாம் முறை ‘ராஜா ராஜாதி’யில் தாளத்தை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை ‘நின்னுக்கோரி வரணம்’ பாடலுக்கு வாருங்கள்: மோகன இராகத்தில் அமைந்த புகழ்பெற்ற வர்ணத்தின் (கர்நாடக இசைப் பாடல் வகை) தொடக்கச் சொல்லை எடுத்துக்கொண்டு, ஐந்தே சுரங்கள் கொண்ட அந்த இராகத்தைத் துள்ளலான மேற்கத்திய தாளத்தின்மேல் இளையராஜா ஓடவிட்டிருக்கிறார், சித்ராவின் குரல் அதன்மேல் சிறிதும் சிரமமின்றிச் செல்கிறது. பிறகு ‘தூங்காத விழிகள்’. இது மெதுவான பாடல், அமிர்தவர்ஷினி இராகம். எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் பாடி மழை பெய்வித்ததாகச் சொல்லப்படுவது இந்த இராகத்தைத்தான். ஓட்டமான பாடல்களுக்கிடையே இது வரும்போது, நல்ல வெயிலில் நடந்து வந்து ஒரு கோப்பை அக்கானியைக் கையில் வாங்கியது போல் இருக்கும். இதை மட்டும் தனியாகக் கேட்டால் அந்த ஆறுதல் பாதிதான் கிடைக்கும்.

படி 5: குரல்களுக்காக ஒன்று

ஏ.ஆர். ரகுமானின் ‘திருடா திருடா’ (1993) ஆல்பத்தை ‘ராசாத்தி என் உசுரு’ பாடலுக்காகவே சேர்த்தேன். ஷாகுல் ஹமீது பாட, வாத்தியங்களுக்குப் பதில் மனிதக் குரல்களே பின்னணியாக நிற்கின்றன. இந்த ஒரு பாடலுக்கு மட்டும் விசிறியை நான்கைந்து நிமிடம் நிறுத்திவிடுங்கள். உடனே ‘வீரபாண்டிக் கோட்டையிலே’ பாடலைப் போட்டால் அதன் ஆரவாரம் இரட்டிப்பாகத் தோன்றும்.

படி 6: புதியதில் முடியுங்கள்

அனிருத்தின் ‘திருச்சிற்றம்பலம்’ (2022) போதும். ‘மேகம் கருக்காதா’ என்று தனுஷ் பாடும்போது மலைப்பக்கம் பார்க்காதவர் குறைவு. ‘தாய்க்கிழவி’ பாட்டிகளையும் எழுப்பி உட்கார வைக்கும். வீட்டில் மூன்று தலைமுறையும் சேர்ந்து கேட்க இப்போதைய ஆல்பங்களில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

படி 7: வெளியே கொண்டு செல்லும்போது

திற்பரப்பு அருவிக்கோ பேச்சிப்பாறை அணைக்கோ போவதற்கு முந்திய இரவே, வீட்டு இணைய இணைப்பில் ஆல்பங்களை முழுமையாகப் பதிவிறக்கி, செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்து வையுங்கள். கைப்பேசியை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் செல்லாதீர்கள். சூட்டில் மின்கலம் கெடும். கடற்கரையில் ஒலிபெருக்கியை மணலில் வைக்காமல் துணிப்பையின்மேல் வைத்து, திரும்பியதும் உப்புக்காற்றின் ஈரம் போக உலர்ந்த துணியால் துடையுங்கள். முட்டத்தில் மாலை ஐந்து மணிக்குமேல் காற்று பலமாக இருந்தால் ஒலியைக் கூட்டாதீர்கள். ஒலிபெருக்கியைக் காற்றுக்கு மறைவாகப் பாறையின் இப்பக்கம் நகர்த்தி, அருகில் நெருங்கி உட்காருங்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அதனால் தொந்தரவு இராது.