பத்திர ஸ்கேன்: ஒரு புள்ளி குறையாமல் சுருக்கியது

பாளையங்கோட்டை வீட்டின் பழைய பத்திரங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) சுருக்காத வண்ண டிஃப் (TIFF) படக் கோப்புகளாக ஸ்கேன் செய்தோம். ஏ4 பக்கம் ஒன்றே சுமார் 100 எம்பி, மடிக்கணினி திணறியது. சில விவரங்களை விட்டுச் சுருக்கும் ஜேபெக் (JPEG) ஆக்கிவிடலாம் என்றான் தம்பி. எழுத்தோரங்களில் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும், எனக்கு ஒப்பவில்லை.

எதையும் இழக்காமல் சுருக்கும் பிஎன்ஜி (PNG) வடிவத்துக்கு மாற்றினேன். அது ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணித்து, வித்தியாசத்தை மட்டும் டிஃப்ளேட் முறையில் சுருக்கும். விரித்தால் அச்சு அசலாகத் திரும்பும். ஆனாலும் அளவு பெரிதாக இறங்கவில்லை. தாளின் சொரசொரப்பையும் ஸ்கேனர் பதிகிறது, கணிப்பு பொய்க்கிறது.

சரி, ஜங்ஷனில் எடுத்த கறுப்புவெள்ளை ஜெராக்ஸ் பிரதிகளை மட்டும் ஒரு பிட்டில் (ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை மட்டும்) ஸ்கேன் செய்து, தொலைநகலுக்கென வந்த குரூப் 4 சுருக்கம் கொடுத்தேன். அவை சில நூறு கேபிக்குள் அடங்கின.

பிஎன்ஜிகளைப் பழைய வண்ண டிஃப்களோடு இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளில் ஒப்பிட்டு, மாறிய புள்ளிகள் 0 என்று வந்தபிறகே அந்த டிஃப்களை அழித்தேன்.