‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா? நம்ம கடற்கரையில் நின்று ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பழகும் முறை

ஆங்கிலத்தில் ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்து உருப்படியாகப் பழக வேண்டும் என்றால் ‘ரன்’னைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 2011இல் இந்தச் சொல்லின் பதிவைத் திருத்தி முடித்தபோது, வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள் வந்து நின்றது. 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு என்று பேரெடுத்திருந்த ‘செட்’டையே இது முந்திவிட்டது. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். ராமேஸ்வரத்தில் கைடு வேலை பார்க்கவோ, தங்கச்சிமடத்தில் கடை வைத்து வெளியூர்க்காரர்களிடம் பேசவோ, கப்பல் வேலைக்கு நேர்காணல் போகவோ அதில் ஒரு இருபது கைவசம் இருந்தால் தாராளம். ஆனால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூட நிற்காது. ‘ரன்’னுக்கு முன்னால் யார் நிற்கிறார், பின்னால் என்ன சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது, இந்த இரண்டையும் பார்க்கப் பழகுங்கள்.

படி 1: மூன்று வடிவம்

ரன், ரேன், ரன். இன்றைக்கு ‘ஐ ரன்’, நேற்றைக்கு ‘ஐ ரேன்’, ‘ஹேவ்’ சேர்ந்தால் மறுபடியும் ‘ஐ ஹேவ் ரன்’. ‘ஹேவ் ரேன்’ என்பது தவறு. இவ்வளவுதான், அடுத்ததுக்குப் போகலாம்.

படி 2: ஓடுவது யார், எது?

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நாமும் மனிதரை மட்டுமா ஓடுகிறார் என்கிறோம்? இன்ஜின் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பொழப்பு ஓடுகிறது என்கிறோம். அதனால் ‘தி இன்ஜின் இஸ் ரன்னிங்’ உடனே புரிந்துவிடும். பாம்பன் பாலத்துக்குக் கீழே பாயும் நீவாட்டை ‘எ ஸ்ட்ராங் கரன்ட் ரன்ஸ் அண்டர் தி பிரிட்ஜ்’ என்று சொன்னால் அதுவும் நம்ம நீரோட்டம்தான்.

ரயிலுக்கு வரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகு வண்டிகள் மண்டபம் ஸ்டேஷனோடு நின்றன, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தார்கள். இப்போது ‘ட்ரெயின்ஸ் ரன் டு ராமேஸ்வரம் அகெய்ன்’ என்றால், அங்கே பேச்சு வேகத்தைப் பற்றியது இல்லை, சேவை நடக்கிறது என்பதைப் பற்றியது.

இன்னும் தள்ளிப் போனால், அசையாத பொருளும் ஆங்கிலத்தில் ஓடும். ‘தி ரோடு ரன்ஸ் டு தனுஷ்கோடி’ என்றால் சாலை தனுஷ்கோடி வரை போகிறது. மீன்பிடித் தடைக்காலத்தை ‘தி பேன் ரன்ஸ் ஃப்ரம் ஏப்ரல் 15 டு ஜூன் 14’ என்பார்கள், அந்த 61 நாளும் தடை நடப்பில் இருக்கும் என்று அர்த்தம். வெளியூர்க்காரர் ‘படகெல்லாம் ஏன் கரையில் நிற்கிறது?’ என்று கேட்டால் இந்த ஒரு வாக்கியம் போதும்.

படி 3: எதை ஓட்டுகிறார்?

‘ரன்’னுக்குப் பின்னால் நேராக ஒரு பொருள் வந்தால் பெரும்பாலும் ‘நடத்துகிறார்’ என்று எடுத்துக்கொள்ளலாம். ‘மை ஆன்ட் ரன்ஸ் எ டிரை ஃபிஷ் ஷாப்’ என்றால் என் அத்தை கருவாட்டுக் கடை நடத்துகிறார். ஆட்டோ ஓட்டும் தம்பிகளே, இது உங்களுக்குத்தான்: ‘ஐ ரன் எ ஆட்டோ’ என்றால் ஆட்டோ வைத்துத் தொழில் செய்கிறேன் என்ற பொருள் வரும், அதுவும் ‘ஆன் ஆட்டோ’ என்று சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதற்கு ‘டிரைவ்’தான் சரி.

படி 4: வால் சொற்கள்

நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ‘ரன் அவுட்’. கிரிக்கெட்டில் வருவதை விட்டுவிடுங்கள், இங்கே ‘தீர்ந்துபோவது’. பெட்டியில் மீன் அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஐஸ் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டு விதமாகச் சொல்லலாம். ஐஸை முன்னால் வைத்தால் ‘தி ஐஸ் ஹேஸ் ரன் அவுட்’. நம்மை முன்னால் வைத்தால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஐஸ்’. இரண்டாவதில் அந்த ‘ஆஃப்’ கட்டாயம் வேண்டும். ‘வி ஹேவ் ரன் அவுட் ஐஸ்’ என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன், அது நிற்காது. இன்னும் தீரவில்லை, குறைந்துகொண்டு வருகிறது என்றால் ‘வி ஆர் ரன்னிங் லோ ஆன் ஐஸ்’. இங்கே ‘ஆஃப்’ இல்லை, ‘ஆன்’. ஐஸ் இருக்கும் இடத்தில் டீசல், தண்ணீர், பணம், நேரம் என்று மாற்றி மாற்றிப் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து ‘ரன் அகிரவுண்ட்’, நம்ம தரை தட்டுவது. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. நீர் வற்றிய நேரத்தில் மணல்திட்டில் ஏறிய படகைப் பார்த்திருப்பீர்கள், இன்ஜின் விசிறி தண்ணீருக்குள் சுற்றச் சுற்றச் சேறு கலங்கி மேலே வரும், படகு மட்டும் நகராது. அதுதான் ‘தி போட் ரேன் அகிரவுண்ட்’. ஒரு திட்டமோ பேச்சுவார்த்தையோ பாதியில் சிக்கி நின்றாலும் செய்தித்தாளில் இதையே எழுதுவார்கள்.

‘ரன் இன்டு’வுக்கு இரண்டு பொருள். ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர் அட் தி பஸ் ஸ்டாண்ட்’ என்றால் வாத்தியாரைத் தற்செயலாகப் பார்த்தேன். ‘தி லாரி ரேன் இன்டு எ வால்’ என்றால் சுவரில் மோதியது. ‘ரன் ஓவர்’ என்றால் மேலே ஏறிப் போவது: ‘தி போட் ரேன் ஓவர் அவர் நெட்’, நம்ம வலை மேல் படகு ஏறிவிட்டது. புகார் எழுதும்போது இந்த வாக்கியம் தேவைப்படும், குறித்து வையுங்கள்.

படி 5: அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியவை

இவற்றைப் பிரித்துப் பொருள் தேட வேண்டாம். ‘ரன் எ ஃபீவர்’ காய்ச்சல் அடிப்பது. ‘இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி’ பரம்பரையாக வருவது, சர்க்கரை நோய்க்கும் சொல்லலாம், நல்ல குரலுக்கும் சொல்லலாம். ‘ரன் எ ரிஸ்க்’ ஆபத்தைத் தெரிந்தே இறங்குவது. ‘ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்’ நீராவி இன்ஜின் காலத்துச் சொல்வழக்கு, ஆவி தீர்ந்து இன்ஜின் நின்றுவிடுவதுபோல உற்சாகம் தீர்ந்து தளர்வது. ‘ரன் எ டைட் ஷிப்’ கப்பலிலிருந்து வந்தது. ஒழுங்கு குலையாமல் கறாராக நிர்வாகம் செய்வது, கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ளதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத்தான் விடையைப் பார்க்க வேண்டும்.

அ. ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறது.
ஆ. டீசல் தீர்ந்துவிட்டது (‘நாங்கள்’ என்று தொடங்குங்கள்).
இ. என் அண்ணன் கீழக்கரையில் மருந்துக்கடை நடத்துகிறார்.
ஈ. பாப்பாவுக்கு நேற்று காய்ச்சல் அடித்தது.

விடைகள்: அ. ‘தி ட்ரெயின் இஸ் ரன்னிங் ஒன் அவர் லேட்.’ ஆ. ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் டீசல்.’ இ. ‘மை பிரதர் ரன்ஸ் எ மெடிக்கல் ஷாப் இன் கீழக்கரை.’ ஈ. ‘தி பேபி ரேன் எ ஃபீவர் எஸ்டர்டே’, ‘வாஸ் ரன்னிங் எ ஃபீவர்’ என்றாலும் சரிதான். ‘ஆ’வில் ‘ஆஃப்’ விட்டுப்போயிருந்தால் நான்காம் படியை மறுபடி ஒரு தடவை படித்துவிடுங்கள்.