அலாஸ்காவில் உபரி சால்மன் விற்பனை: பொரிப்பகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்காவின் சால்மன் குஞ்சு பொரிப்பகங்களில் பெரும்பாலானவற்றை லாப நோக்கற்ற அமைப்புகளே நடத்துகின்றன. 1974-ல் வந்த சட்டம் அதற்கு வழி திறந்தது. குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வளர்ந்து திரும்பும் மீனில் ஒரு பங்கைத் தாங்களே பிடித்து விற்றுப் பொரிப்பகச் செலவை ஈடுகட்டுகிறார்கள். தொழிலில் இதற்கு ‘காஸ்ட் ரெக்கவரி’ என்று பெயர். அனுமதி வாங்காமல் குஞ்சு விடுவது, எடையைக் குறைத்து எழுதுவது போன்றவை தவறு என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மேலாளராகவோ கணக்காளராகவோ இயக்குநர் குழு உறுப்பினராகவோ புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் இடறி விழும் இடங்கள் வேறு.

தாய்மீனை ஒதுக்கும் முன் உபரியைக் கணக்கிடுவது

முட்டை இலக்குக்கு வேண்டிய தாய்மீன் போக மிஞ்சுவதுதான் உபரி. அனுமதியில் ‘சம்’ (chum) என்ற வகைச் சால்மனின் முட்டை 5 கோடி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெண் மீனுக்குச் சராசரி 2,500 முட்டை என்றால் 20,000 பெண் மீன் வேண்டும். காத்திருக்கும்போது சாவது, முட்டை பழுக்காதது, முன்பே முட்டையைச் சிந்திவிட்டது எல்லாம் சேர்ந்து பத்தில் ஒன்று வீணாகும் என்று பார்த்தால் அது 22,000-ஐத் தாண்டும். ஒன்றுக்கு ஒன்று ஆண் மீனும் சேர்த்தால் ஏறக்குறைய 45,000. புதியவர்கள் 40,000 என்று எழுதிவிட்டு, பருவத்தின் கடைசி வாரத்தில் மீனுக்கு அலைகிறார்கள்.

முதலில் வரும் மீன் பளபளப்பாக இருக்கும், நல்ல விலை போகும். அதை முழுக்க விற்றுவிட்டு, கடைசியில் வருவதை மட்டும் தாய்மீனாக எடுப்பதும் தவறு. அப்படியே சில தலைமுறை போனால் மீன் திரும்பும் காலமே பின்னுக்குத் தள்ளிப்போகும். வரத்தின் எல்லாக் கட்டத்திலிருந்தும் தாய்மீன் எடுக்க வேண்டும்.

விற்ற பணத்தை நம் பணம் என்று நினைப்பது

எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் தரும் தவறு இதுதான். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் சட்டம் இதில் மயக்கத்துக்கு இடமே வைக்கவில்லை.

முதலில் அலாஸ்கா சட்டத் தொகுப்பின் பிரிவு 16.10.440-ஐப் படியுங்கள். கடலில் விட்ட குஞ்சு பொரிப்பகத்தின் சொத்து அல்ல. பொரிப்பகம் பிடிப்பதற்கென்று மாநில மீன்-வேட்டைவிலங்குத் துறை (இனி ‘துறை’) குறித்துக் கொடுத்த இடத்துக்கு அது திரும்பி வரும்வரை, இயற்கையாகப் பிறந்த மீனைப் போலவே எல்லா மக்களுக்கும் பொதுவானது. அந்தப் பொதுச் சொத்தில் ஒரு பங்கை விற்றுக்கொள்ள அனுமதி கிடைக்கிறது என்றால், அது ஒரு நோக்கத்துக்காகக் கிடைக்கிறது.

அந்த நோக்கத்தை 16.10.450 பெயர் சொல்லி அடுக்குகிறது. கடன் அடைப்பு உட்பட நியாயமான இயக்கச் செலவு, பொரிப்பகத்தை விரிவாக்குவது, சால்மன் மறுவாழ்வுத் திட்டங்கள், மீன்வள ஆய்வு, அந்தப் பகுதியின் வட்டாரச் சங்கத்தை (மீனவர்களும் மீனைப் பயன்படுத்தும் பிறரும் சேர்ந்த அமைப்பு) நடத்தும் செலவு. இவ்வளவும் போக மிஞ்சும் பணம் வட்டாரச் சங்கத்தின் பிற மீன்வளப் பணிகளுக்குச் செலவாக வேண்டும். ‘செலவிடலாம்’ என்று சட்டம் சொல்லவில்லை, ‘செலவிட வேண்டும்’ என்கிறது.

வட்டாரச் சங்கமாக இல்லாத பொரிப்பகங்களும் உண்டு. ஜூனோவில் மக்காலே பொரிப்பகத்தை நடத்தும் அமைப்பு அப்படிப்பட்டது. மீனவர்களிடம் பிடிக்கும் சால்மன் மேம்பாட்டு வரி இவற்றுக்கு வராது. ‘வரிப்பணம் நமக்கு இல்லை, அதனால் மிச்சம் முழுக்க நம்முடையது’ என்று அங்கே புதிதாக வருபவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை.

தவறு எப்படி நடக்கிறது என்றால், வரத்து நன்றாக இருந்த ஆண்டில் கையில் பணம் நிற்கும். குழுக் கூட்டத்தில் யாராவது ஊர் விளையாட்டுத் திடலுக்கு நன்கொடை என்பார், இன்னொருவர் உறுப்பினர்களான படகுக்காரர்களுக்குப் பங்கு பிரித்துத் தரலாம் என்பார். நல்லெண்ணம்தான். ஆனால் இரண்டுமே அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த ஆண்டு விலை சரியும்போது பெட்டி காலியாக இருக்கும். ஓட்டையை அடைக்கக் கூடுதல் மீன் பிடிக்க வேண்டிவரும். அந்தக் கூடுதல் மீன் எங்கிருந்து வரும்? மீனவர்களின் வலையிலிருந்துதான்.

கணக்காகவே பார்க்கலாம். பட்ஜெட் 30 லட்சம் டாலர். மேம்பாட்டு வரியில் 6 லட்சம் வருகிறது. மீன் விற்று 24 லட்சம் திரட்ட வேண்டும். ஒரு சம் சால்மன் 8 பவுண்டு, பவுண்டுக்கு 80 சென்ட் என்றால் ஒரு மீனுக்கு 6.40 டாலர், ஆக 3,75,000 மீன். விலை 40 சென்டுக்கு இறங்கினால் அதே பணத்துக்கு 7,50,000 மீன். வரத்து 10 லட்சம், தாய்மீன் 1 லட்சம் என்று வைத்தால், படகுகளுக்கு மிஞ்சுவது முதல் கணக்கில் 5,25,000, இரண்டாவதில் வெறும் 1,50,000. அவர்களுக்கும் விலை பாதிதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இது காகிதத்தில் மட்டும் நடப்பதல்ல. 2016-ல் அலாஸ்கா வளைகுடாவில் பிங்க் சால்மன் பொய்த்து, மத்திய அரசு அதைப் பேரிடராக அறிவித்தது. 2023-ல் சால்மன் விலை மாநிலம் முழுக்கச் சரிந்தது.

ஆகவே செய்ய வேண்டியவை. வசந்த காலத்திலேயே வருவாய் இலக்கைக் குழு தீர்மானமாக எழுதட்டும், மீன் எண்ணிக்கையாக அல்ல, டாலராக. வாரந்தோறும் உண்மை விலை, உண்மைச் சராசரி எடை இரண்டையும் வைத்து எண்ணிக்கையைத் திருத்துங்கள். இலக்கை எட்டிய அன்றே நிறுத்திவிட்டு, மீதி மீனைப் படகுகளுக்குத் திறந்துவிடத் துறையிடம் கேளுங்கள். விற்பனைப் பணத்துக்குத் தனிப் பேரேடு வையுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே 16.10.450-ன் எந்த இனம் என்று எழுதுங்கள். எழுத முடியாத செலவு செய்யக் கூடாத செலவு. சேமநிதி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. மோசமான ஆண்டுக்கென்று பணம் ஒதுக்கினால், அது எத்தனை மாத இயக்கச் செலவு, எப்போது எடுக்கலாம் என்பதையும் தீர்மானத்தில் சேருங்கள்.

பொரிப்பகமே மீன் பிடித்தாக வேண்டும் என்றும் இல்லை. பிரிவு 16.10.455 இன்னொரு வழி தருகிறது. மீனவர்களே பிடிக்கலாம், அவர்கள் விற்பதன் மேல், பொரிப்பகச் செலவுக்கென்று வருவாய்த் துறை ஒரு கட்டணம் வசூலிக்கும்.

மாநில அரசுக்குச் சொந்தமாக இருந்து, ஒப்பந்தத்தில் சங்கங்கள் நடத்தும் பொரிப்பகங்களும் உண்டு. பிரின்ஸ் வில்லியம் சவுண்டின் மெயின் பே, கேனரி கிரீக் இரண்டும் அப்படிப்பட்டவை. அங்கே பிரிவு 16.10.480-ன் கீழ் போட்ட ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால் அதுவே செல்லும். இரண்டு வகைப் பொரிப்பகத்தின் பணத்தையும் ஒரே பேரேட்டில் கலக்காதீர்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டுவது

குறித்த இடத்துக்கு வெளியே ஒரு படகு நீளம் போனாலும் அந்த மீன் பொதுச்சொத்து.

நிறம் மாறும்வரை காத்திருப்பது

உணவுக்கு விற்கும் மீன், அந்தப் பகுதி வணிக மீன்பிடியில் கிடைக்கும் மீனுக்கு ஒப்பான தரத்தில் இருக்க வேண்டும், நடப்புச் சந்தை விலைக்கு விற்க வேண்டும் என்றும் 16.10.450 சொல்கிறது. பொரிப்பகத்தின் வாசலில் நிற்கும் மீன் நாளுக்கு நாள் கறுக்கும், சதை வெளிறும், கொழுப்பு இறங்கும். சம் சால்மனில் சினை முற்ற முற்ற முட்டைத் தோல் கடினமாகி, இக்குராவுக்கு (உப்பிட்ட சால்மன் முட்டை) ஆகாமல் போகும். இலக்கின் பெரும்பங்கை வரத்தின் முன்பாதியிலேயே பிடித்து, உடனே குளிர்நீரில் இறக்கிவிடுங்கள்.

விலைக்கு ஏலப்புள்ளி கேளுங்கள். மீனைக் கரைக்குக் கொண்டுவரும் படகுச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லாவிட்டால், பவுண்டுக்கு எழுதிய விலைக்கும் கைக்கு வரும் விலைக்கும் சம்பந்தம் இருக்காது.

சினையை எடுத்துவிட்டு உடலை எறிவது

பருவக் கடைசியில் சினைக்கு விலை இருக்கும், சதைக்கு இருக்காது. ஆனால் பிரிவு 16.05.831-ன்படி, விற்பனைக்கென்று பிடித்த சால்மனில் குடலும் சினையும் நீங்கலான உடலின் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல் விடுவது வீணடிப்பு. 10,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேறு பயன்பாட்டுக்கு அனுமதி தரத் துறையின் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. கேட்பதானால் பிடிக்கும் முன் கேட்க வேண்டும்.

உபரி முட்டையை முதலில் கேட்டவருக்கு விற்பது

வரிசை 16.10.420-ல் இருக்கிறது. முதல் உரிமை துறைக்கு. அதன் பிறகே, துறை சோதித்து ஒப்புதல் தந்தபின், அனுமதி பெற்ற வேறு பொரிப்பகத்துக்கு. விற்பனைச் சீட்டின் நகல் துறைக்குப் போக வேண்டும். வாங்கியவர் அதை மறுபடி விற்கக் கூடாது. துடுப்புமீன் (சால்மன் போன்ற, சிப்பி வகை அல்லாத மீன்) பண்ணைகளுக்கு அலாஸ்கா 1990-லேயே தடை போட்டுவிட்டதால், மாநிலத்துக்குள் பண்ணைக்காரர் என்று ஒருவர் வாங்க வரவே வழியில்லை.

நாள்கணக்கையும் பாருங்கள். கருவுற்று ஓரிரு நாளுக்குப் பின், முட்டைக்குள் கண் தெரியும் கட்டம் வரை, அதை அசைத்தால் கரு சாகும். ஒப்புதல் காகிதம் தாமதமானால், கண் தெரியும்வரை முட்டை உங்கள் பொரிப்புத் தட்டிலேயேதான் இருக்க வேண்டும், அதற்குத் தண்ணீரும் இடமும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

வாஷிங்டன் மாநில விதியை இங்கே பொருத்துவது

அங்கே முட்டை விற்பது அரசுத் துறை, விற்பதற்கென்றே உபரியை உருவாக்கவும் அதற்குத் தடை. சட்டமே வேறு.

டிசம்பர் 15

ஆண்டறிக்கையின் கடைசி நாள். தாய்மீனின் மூலம், அவற்றின் எண்ணிக்கை, வயது, எடை, நீளம், எடுத்த முட்டை, உருவான குஞ்சு, திரும்பிய மீன் எல்லாம் அதில் வேண்டும். வயதும் நீளமும் மீன் கையில் இருக்கும்போது அளக்க வேண்டியவை. செப்டம்பரில் அளக்காததை டிசம்பரில் எழுத முடியாது.