அக்குபஞ்சருக்குப் போகலாம், மாத்திரையை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்

நீலகிரியில் அக்குபஞ்சர் என்ற ஊசி சிகிச்சை இப்போது யாருக்கும் புதிதில்லை. முழங்கால் வலிக்குப் போன பெரியம்மா, "வலி கிடக்கட்டும், ராத்திரி தூக்கம் நல்லா வருது" என்று சொல்லப்போக, படபடப்பும் மனஉளைச்சலும் உள்ளவர்களும் போக ஆரம்பித்திருக்கிறார்கள். தாராளமாகப் போகட்டும். பயிற்சி பெற்றவர் கையில் அது பெரும்பாலும் பயமில்லாத சிகிச்சைதான். ஊசியால் வரும் கெடுதல் குறைவு. ஊசியை நம்பி நாம் கைவிடும் காரியங்களால் வருவதுதான் அதிகம்.

அதில் முதலில் கைவிடுவது மாத்திரையை. "ஊசி ஆரம்பிச்சாச்சுல்ல, இனி இங்கிலீஷ் மருந்து எதுக்குக்கா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். சில இடங்களில் சிகிச்சை தருபவரே அப்படிச் சொல்லிவிடுகிறார். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற மாத்திரைகளைப் பல மாதம் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், பழைய பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் வகை மனஉளைச்சல் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற ஓர் உணர்வு வரும். இதைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, கழிவு வெளியேறுது" என்று ஒரு விளக்கம் சொல்வார்கள் பாருங்கள், அதைத்தான் நம்பக் கூடாது. வெளியேறுவது கழிவு அல்ல. பழகிய மருந்து கிடைக்காமல் நரம்பு மண்டலம் தடுமாறுகிறது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய், "அக்குபஞ்சரும் எடுக்கிறேன், மாத்திரையைக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். குறைப்பதாக இருந்தால் அவர் வாரக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைப்பார். இரண்டாவது வகை மாத்திரை வேலை காட்டவே இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளே "இது கேக்கல" என்று ஊசிக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது, காரணத்தைப் பார்க்காமலே ஊசிக்குப் போய்ப் படுப்பது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, எரிச்சல் வருகிறது என்றால் எல்லாம் மனசு என்று அர்த்தமில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே கதைதான். ரத்தசோகை, பி12 குறைபாடு, சர்க்கரை இறங்குவது, எல்லாமே பதற்றம் மாதிரி வேஷம் போடும். நாடி பார்த்து, தைராய்டைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவு சொல்ல யாராலும் முடியாது. முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மலைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு, டீ. குளிருக்கு ஒன்று, வேலைக்கு நடுவில் ஒன்று, யாராவது வந்தால் ஒன்று என்று இருட்டும்வரை ஸ்ட்ராங் டீ குடித்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று ஊசிக்குப் போவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு டீயை நிறுத்திப் பாருங்கள், அதற்கு யாரும் ஃபீஸ் கேட்கப் போவதில்லை. நெஞ்சில் அழுத்தும் வலியும் வியர்வையும் சேர்ந்து வந்தாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, அது பதற்றமா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்த வேண்டாம். உடனே 108. மலைப் பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேரவே நேரமாகும்.

பந்தலூர்ப் பக்கம் ராத்திரி யானை வருமோ என்று விழித்திருப்பவருக்கும், பச்சைத் தேயிலை விலை இறங்கினால் கடன் தவணையை எப்படிக் கட்டுவது என்று தவிப்பவருக்கும் பதற்றத்துக்கு நிஜமான காரணம் இருக்கிறது. ஊசி உடம்பின் இறுக்கத்தைத் தளர்த்தலாம், கடனை அடைக்காது. ஆராய்ச்சிகளையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பதற்றம் குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் பல சிறியவை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் காட்டிய குழுவிலும் பலருக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது. அரை மணி நேரம் போன் இல்லாமல் அசையாமல் படுத்திருப்பதே பாதி வைத்தியம் என்பது என் சந்தேகம்.

இனி, போகிற நாளில் செய்யும் தவறுகள். மேட்டுப்பாளையத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறி, 14 கொண்டை ஊசி வளைவும் வயிற்றைக் குமட்ட, குன்னூரில் இறங்கிய கையோடு போய்ப் படுத்தால் பாதி ஊசியில் மயக்கம் வரும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். முதல் தடவை உட்கார வைக்காமல் படுக்க வைத்துத்தான் ஊசி போட வேண்டும். மணிக்கட்டு, முன்கால், காது இங்கெல்லாம் ஊசி வரும் என்பதால் இறுக்கமான உள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஊசியோடு 20, 30 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும், ஊட்டிக் குளிரில் நடுங்கினால் சரிப்படாது. ஒரு சால்வை கொண்டுபோங்கள். அறையைச் சூடாக்கக் கதவை அடைத்துவிட்டுக் கரி அடுப்பு வைத்திருந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். ஊசி எடுத்ததும் சிலருக்குக் கண் சொக்கும். அந்த நிலையில் பைக்கை எடுத்து மலை இறங்க வேண்டாம்.

சீசனில் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளில் "மனஅழுத்த பேக்கேஜ்" முடித்துவிட்டுப் போகிறார்கள். வாரம் ஒன்றோ இரண்டோ தடவை, சில வாரம் எடுத்துப் பார்த்துத்தான் பலன் சொல்ல முடியும். ஊரில் பக்கத்திலேயே ஒருவரைப் பார்ப்பது மேல்.

யாரிடம் போவது? 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. அதற்காகச் சுவரில் தொங்கும் சான்றிதழ் எல்லாம் ஒரே தரம் ஆகிவிடாது. பிஎன்ஒய்எஸ் படித்த யோகா, இயற்கை மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், அங்கே முதலில் விசாரியுங்கள். ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், ஒரு தடவை போட்டதைத் தூக்கிப் போட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். தோள்பட்டை மேலோ மார்பிலோ ஊசி போட்ட பிறகு மூச்சு முட்டினால் நேராக மருத்துவமனை, ஏனென்றால் நுரையீரல் அங்கே ரொம்பப் பக்கம். ஊசியே இல்லாமல் விரலால் தொடும் சிகிச்சை தருபவர்களும் உண்டு. அதில் தொற்று பயம் இல்லை, ஆனால் மாத்திரை விஷயத்தில் அதே எச்சரிக்கைதான்.

செத்துவிடலாம் போல் இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் அடுத்த ஊசி தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஆன்லைனில் ஊசி வாங்கி வீட்டில் தானே குத்திக்கொள்வதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அழுத்திவிடுவதில் தப்பில்லை. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாணுக்கு நடுவில் நெய்குவான் என்ற புள்ளி இருக்கிறது. பஸ்ஸில் குமட்டினாலும் அங்கேதான் அழுத்துவார்கள். இரண்டு மூன்று நிமிடம், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, வலிக்காத அளவுக்கு அழுத்துங்கள். கொழுந்து பறித்துப் பெருவிரல் வெடித்திருந்தால், ஆள்காட்டி விரலை மடக்கி மூட்டால் அழுத்தினால் போதும்.