பிளாக் கிரீக் கிராமத்தை அடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பது எப்படி?

பிளாக் கிரீக் பயனியர் வில்லேஜ் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளைச் சேர்த்து வைத்த திறந்தவெளி அருங்காட்சியகம். ரொறன்ரோவில் இருபது வருஷம் இருந்தும் அங்கே போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர். போனவர்களும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குத் துணையாகப் போனவர்கள்தான். கேட்டால், "பழைய வீடுகள், ஆடு மாடு இருக்கும்" என்பார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன். நாற்பது கட்டடம் வரை இருக்கிறது. எல்லாவற்றுக்குள்ளும் தலையை நீட்டி, எட்டாவது வீட்டிலேயே களைத்து, வீட்டுக்கு வந்தபோது ஒன்றும் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு நான்கு தடவை போய்ப் பழகிய முறையை இங்கே எழுதுகிறேன். சூத்திரம் ஒன்றுதான்: அடுப்பைப் பின்தொடருங்கள்.

படி 1: நாளைத் தெரிவு செய்யுங்கள்

இது வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் இடமல்ல, குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். புறப்படும் நாள் காலையில் அவர்களுடைய தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் போய், பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஆள். தேடும்போது குழம்ப வேண்டாம், அண்மையில் பெயரை ‘தி வில்லேஜ் அட் பிளாக் கிரீக்’ என்று மாற்றியிருக்கிறார்கள். பேச்சில் எல்லாருக்கும் இன்னும் பழைய பெயர்தான்.

மே, ஜூன் மாதத்து வேலை நாட்களில் பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாக வரும். ஆறுதலாகப் பார்க்க செப்டம்பர் கடைசியும் ஒக்டோபரும் நல்லது. குளிர் லேசாகத் தொடங்கியிருக்கும், அடுப்பு எரிகிற வீட்டுக்குள் நுழையும்போது அதன் அருமை தெரியும்.

படி 2: போய்ச் சேருங்கள்

சப்வே முதலாம் பாதையில் ‘பயனியர் வில்லேஜ்’ என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, 2017 டிசம்பரில் திறந்தது. ஆனால் ஸ்டேஷன் வாசலிலேயே கிராமம் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கிருந்து ஜேன் வீதிப் பக்கமாகக் கால்மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். உள்ளே மண்ணும் சரளையும், பலகை போட்ட நடைபாதையும். நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள். பல வீடுகளில் வாசல்படி உயரம், மாடிப்படி செங்குத்து. அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கூட்டிப்போனால் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 3: வாசலுக்குப் பக்கத்து வீட்டில் தொடங்காதீர்கள்

இதுதான் எல்லோரும் செய்கிற பிழை. வரைபடத்தை வாங்கியதும் ‘ஸ்டோங்’ என்ற பெயரைத் தேடுங்கள். பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஜெர்மன் வழிக் குடும்பம் அது. டானியல் ஸ்டோங்கும் மனைவி எலிசபெத்தும் 1816இல் கட்டிய முதல் மரவீடும், 1832இல் கட்டிய இரண்டாவது வீடும் இங்கேதான் இருக்கின்றன. அவர்களுடைய பண்ணை நிலத்தில்தான் கிராமமே அமைந்தது. 1960இல் இது திறக்கப்பட்டது. மற்ற வீடுகளில் பெரும்பாலானவை வேறு ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. அதனால் இதை அப்படியே நின்றுபோன ஒரு பழைய ஊர் என்று நினைத்துப் பார்க்கக்கூடாது. ஒரு பண்ணையைச் சுற்றிச் சேர்த்த வீடுகள் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

‘முதல் குடியேறிகள்’ என்ற பேச்சையும் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். இதே ஓடைக்கரையில், கொஞ்சம் தெற்கே, பதினைந்தாம் நூற்றாண்டில் ஹியூரோன்-வென்டாட் என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர் ஒரு கிராமமாகவே வாழ்ந்தார்கள். அகழ்வாய்வில் தெரிந்த விஷயம் அது. ரொறன்ரோ நிலத்தை மிசிசாகா என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிடம் ‘வாங்கியதாக’ 1787இலும் 1805இலும் எழுதிக்கொண்ட காகிதங்களின் கணக்கு 2010இல்தான் 14.5 கோடி டொலர் இழப்பீட்டோடு முடிந்தது. காட்டை வெட்டிய கதையைக் கேட்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: முதல் வீட்டில் இருபது நிமிஷம் நில்லுங்கள்

உள்ளே போவதற்கு முன் வெளிச்சுவரின் மூலைக்குப் போங்கள். மரங்களைச் சதுரமாகச் செதுக்கி, ஒன்றன் நுனி மற்றதற்குள் பூட்டுகிற மாதிரி வெட்டியிருப்பார்கள். மரத்தின் முகத்தில் கோடரி விழுந்த தடம் இன்னும் தெரியும். மரத்துக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வெடிப்பைச் சாந்து வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குளிருக்கும் மரம் சுருங்கும், சாந்து உதிரும், மறுபடி பூச வேண்டும். நம் ஊரில் மண்சுவருக்கு வருஷா வருஷம் மெழுகினோமே, அதே வேலைதான்.

இப்போது உள்ளே போங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிஷம் எடுக்கும். நேராக அடுப்புக்குப் போங்கள். அடுப்பு என்றால் நம் மூன்று கல் அடுப்பு அல்ல, ஆள் குனிந்து நுழையக்கூடிய அளவுக்குச் சுவரில் ஒரு வாய். பக்கவாட்டில் ஓர் இரும்புக் கை இருக்கும். பானையை அதில் கொழுவி, நெருப்புக்கு மேலே தள்ளலாம், வெளியே இழுக்கலாம். சூட்டைக் கூட்டிக் குறைப்பதற்கு அவர்களுக்கு இருந்த குமிழ் அதுதான். கீழே மூன்று கால் இரும்புச் சட்டிகள் இருக்கும். மூடியின் விளிம்பு உயர்ந்திருப்பதைக் கவனியுங்கள், மேலே தணல் போடுவதற்காக அப்படி. அம்மம்மா அப்பச்சட்டியை மூடி, மூடிமேல் பொச்சுத் தணல் போட்டது எனக்கு அங்கே நின்றபோது நினைவு வந்தது. கீழும் மேலும் சூடு கொடுத்து வேகவைக்கிற யோசனை இரண்டு ஊரிலும் தனித்தனியாகவே வந்திருக்கிறது.

படி 5: வழிகாட்டியிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

வீடுகளில் 1860களின் உடையில் ஆட்கள் நிற்பார்கள். நம் ஆட்கள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். "இது எத்தனை வருஷம் பழையது?" என்று கேட்டால் பலகையில் உள்ளதைத்தான் சொல்வார்கள். "இன்றைக்கு என்ன சமைக்கிறீர்கள்?", "விறகு எது?", "இந்தக் கட்டிலில் கயிறு ஏன் இவ்வளவு இறுக்கம்?" என்று கேளுங்கள். அதுவும் நம் கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்து போகும், முறுக்கி இறுக்க ஒரு மரச்சாவி வைத்திருக்கிறார்கள். கைவேலையைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்கும் உற்சாகம் வந்துவிடும். இன்னொரு கேள்வி: "இந்தச் சாமான் இந்த வீட்டினுடையதா, வேறு இடத்திலிருந்து கொண்டுவந்ததா?" நேர்மையாகச் சொல்வார்கள்.

படி 6: வரிசையாக நடவுங்கள்

முதல் வீட்டிலிருந்து ஸ்டோங்கின் இரண்டாவது வீட்டுக்குப் போங்கள். இடையில் பதினாறு வருஷம். ஜன்னலும் அறைகளும் கூடியிருக்கின்றன. காட்டில் தங்கினவன் பண்ணைக்காரன் ஆகிவிட்டான் என்பதை வீடே சொல்லும். பக்கத்தில் 1825ஆம் வருஷத்துத் தானியக் களஞ்சியம், மேல்பாகம் கீழ்ப்பாகத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆர்வமிருந்தால் அண்ணாந்து பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

அப்புறம் ரொப்ளின் மாவாலை. 1842இல் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் கட்டியது, பிரித்துக் கொண்டுவந்து இங்கே எழுப்பினார்கள். வெளியே நீர்ச்சக்கரம், உள்ளே இரண்டு கல். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும். நம் திரிகையேதான், கைக்குப் பதிலாகத் தண்ணீர் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் முகத்தில் வெட்டியிருக்கும் வாய்க்கால்களைக் கட்டாயம் பாருங்கள், மாவை நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளுவது அவைதான். தேய்ந்தால் கொத்த வேண்டும். அம்மி பொளிகிறவர் வருவாரே, அந்த வேலை. அரைக்கூலி காசாக அல்ல, தானியமாக: 1792இல் மேல் கனடா (இன்றைய ஒன்ராறியோ) போட்ட சட்டப்படி பன்னிரண்டில் ஒரு பங்கு ஆலைக்காரனுக்கு. எல்லா நாளும் சக்கரம் ஓடாது, ஓடுகிற நேரத்தை வாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 1844ஆம் வருஷத்து பேர்விக் வீடு, உட்பிரிட்ஜிலிருந்து வந்தது. நடுவில் நடை, இரு பக்கமும் அளவெடுத்தது போல் அறைகள். இங்கே குசினி விருந்தாளியின் கண்ணிலிருந்து ஒதுங்கிவிட்டது. ஸ்டோங்கின் முதல் வீட்டில் வந்தவன் நேராக அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருப்பான். இங்கே அவன் வரவேற்பறையில் உட்கார்ந்து, சமையல் எங்கே நடக்கிறது என்றே தெரியாமல் தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். பணம் வந்ததும் முதலில் மறைவது அடுப்புத்தான் போல.

அச்சகம், கொல்லன் பட்டறை, 1861ஆம் வருஷத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடத்தில் சிலேட்டைக் காட்டுங்கள். மற்றவற்றை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

படி 7: ஸ்காபரோக்காரர்களுக்கு மட்டும்

ஹாஃப் வே ஹவுஸ் என்ற சத்திரத்தை விடாதீர்கள். 1849 வாக்கில் கட்டியது, முன்பக்கம் இரண்டு தளத்திலும் விறாந்தை. செங்கல் போறணையில் பாண் சுட்ட குசினி இதன் உள்ளேதான். வாசம் வந்தால் மூக்கைப் பின்தொடருங்கள். பின்னேரமானால் முடிந்துவிடும் என்பதால் நான் இப்போது முதலில் இங்கே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டோங் வீட்டுக்கே போகிறேன்.

இது முதலில் நின்ற இடம் எது தெரியுமா? ஸ்காபரோவில், கிங்ஸ்டன் வீதியும் மிட்லண்ட் அவெனியூவும் சந்திக்கும் மூலை. செயின்ட் லோரன்ஸ் சந்தைக்கும் இன்றைய பிக்கரிங்கிலுள்ள டன்பார்ட்டனுக்கும் நடுவழியில் குதிரைவண்டிகள் நிற்கிற சத்திரம், அதுதான் ‘பாதிவழி’ என்ற பெயர். நம்மவர்கள் எத்தனையோ பேர் அந்தச் சந்தியில் சிவப்பு விளக்குக்காக நின்றிருப்போம். வீட்டுக்குப் போகும் வழி அதுவானால், அடுத்த தடவை பஸ் அங்கே நிற்கும்போது வெளியே பாருங்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டின இடம் அந்த ஓரத்தில் எங்கேயோதான்.